கட்டிலோரப் பாடம்: தாதியர் பயிற்சியில் ஆசிரியர்கள் படும் பாடு

மகளைத் தாதியர் கல்லூரியில் சேர்த்த பெற்றோர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், வகுப்பில் நீங்கள் சொல்லிக் கொடுக்கிறீர்கள், சரி. மருத்துவமனைக்குப் போன பிறகு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?" செபராங் பிறையிலிருந்து தினமும் பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்கு வரும் பிள்ளைகளின் தாய்மார்கள்தாம் இதை அதிகம் கேட்கிறார்கள். காலை ஏழு மணி ஷிப்டுக்கு ஐந்து மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பும் மகள் அங்கே உண்மையில் என்ன கற்கிறாள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். நியாயமான கேள்விதான். வாசலில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க என்னால் முடிந்ததில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சில சொற்கள். மலேசியாவில் தாதியர் டிப்ளோமா மூன்று ஆண்டு, பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு பெற்றவர்தான் தாதியாக வேலை பார்க்க முடியும். படிக்கும் காலத்தில் கணிசமான பகுதி மருத்துவமனையில் கழியும். மாணவர்கள் அதைப் 'போஸ்டிங்' என்பார்கள். சில வாரம் பொது மருத்துவ வார்டு, சில வாரம் அறுவைச் சிகிச்சை வார்டு, பிறகு குழந்தைகள், பிரசவம், மனநலம், அவசரப் பிரிவு என்று சுற்றி வர வேண்டும். கல்லூரியிலிருந்து கூடவே வார்டுக்கு வரும் ஆசிரியர் 'சி.ஐ.' நான் அந்த வேலையில் இருப்பவள். மருத்துவமனைத் தாதியரிலேயே மாணவரைக் கூட்டிப் பழக்கும் பொறுப்பை ஏற்றவர் 'பிரிசெப்டர்'. மாணவரிடம் ஒரு 'லாக் புக்' இருக்கும். இன்ன வேலையை இத்தனை தடவை செய்தேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நோயாளிகளுக்கு நாங்கள் எல்லாருமே 'மிஸ்ஸி'தான்.

இந்த ஏற்பாடு முழுவதற்கும் சேர்த்து மருத்துவமனைப் பயிற்சி என்று பெயர். உண்மையான நோயாளியின் கட்டிலோரத்தில், உண்மையான வேலை நடக்கும்போது, பாடம் நடத்துவது. கேட்க எளிதாக இருக்கிறது. ஏன் எளிதல்ல என்பதை மூச்சை எண்ணுவதிலிருந்து தொடங்கினால் நன்றாகப் புரியும்.

ஆறு கட்டில், ஆறு இருபது

ஒரு காலை, ஆண்கள் வார்டு. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஆறு கட்டில்களுக்கு அளவெடுத்து அட்டையில் எழுதி முடித்திருந்தாள். உடல் வெப்பம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறியிருந்தன. மூச்சு மட்டும் 20, 20, 20, 20, 20, 20.

மற்ற அளவுகளைக் கருவி சொல்லிவிடும். வார்டில் மூச்சைக் கண்ணால்தான் எண்ண வேண்டும், அதுவும் ஒரு நிமிடம் முழுதாக. ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. ஆகவே 20 என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆறு பேருக்கு ஆறு நிமிடம். காலை ஏழரை மணிக்கு அந்த ஆறு நிமிடம் யாரிடமும் இல்லை. பசியாறல் வண்டி வந்துவிட்டது, இரத்த மாதிரிகள் லேபுக்குப் போக வேண்டும், டாக்டர்கள் ரவுண்ட்ஸுக்கு வரப்போகிறார்கள். அந்த மாணவிக்குப் பொய் எழுதும் எண்ணம் இருந்திருக்காது. தனக்கு முன்னால் எழுதியவர்களின் அட்டையைப் பார்த்தாள், அங்கேயும் 20 இருந்தது, இங்கே இப்படித்தான் எழுதுவார்கள் போலும் என்று எடுத்துக்கொண்டாள். பாடப்புத்தகத்தை விட வேகமாக மாணவருக்குள் இறங்குவது அவர்கள் கண்ணால் பார்ப்பதுதான்.

நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. சன்னலோரக் கட்டிலுக்கு அழைத்துப் போனேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு தாத்தா, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "வணக்கம் தாத்தா, கையைக் கொடுங்கள்" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மூச்சை எண்ணப் போகிறோம் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவரை அறியாமலே மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்தபடி, பார்வையை மார்பில் வைத்து, மார்பு ஏறி இறங்குவதை ஒன்று என்று எண்ண வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவள் மார்பைப் பார்த்தாள். நிமிடம் முடிந்ததும் என் காதருகே வந்து "இருபத்தெட்டு, மேடம்" என்றாள். முகம் வெளுத்திருந்தது. மறுபடி எண்ணச் சொன்னேன். இருபத்தெட்டேதான். பொறுப்புத் தாதியிடம் போய் அவளே சொன்னாள். டாக்டர் வந்து பார்த்து மார்பு எக்ஸ்ரேக்கு எழுதினார். நிமோனியா.

ஒருவரின் நிலை மோசமாகும்போது, இரத்த அழுத்தம் இறங்குவதற்கு வெகு நேரம் முன்பே பல வேளைகளில் மூச்சு ஏறத் தொடங்கிவிடும். வகுப்பில் இதை அவள் படித்திருக்கிறாள். தேர்வில் கேட்டால் சரியாக எழுதியிருப்பாள். ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990-இல் இதைப் பிரமிடு வடிவில் நான்கு படிகளாகச் சொன்னார். அடியில் இருப்பது அறிந்திருப்பது. அதற்கு மேல், எப்படிச் செய்வதென்று அறிந்திருப்பது. மூன்றாவது, செய்து காட்டுவது. உச்சியில் இருப்பது, அன்றாட வேலையில் உண்மையில் செய்வது. வகுப்பறை முதலிரண்டு படிகளுக்குப் போதும், பயிற்சிக்கூடம் மூன்றாவதுக்கு. நான்காவது படி வார்டில் மட்டுமே இருக்கிறது. யாரும் பார்க்காதபோதும் அந்த ஒரு நிமிடத்தை எண்ணுகிறாளா என்பதுதான் எனக்கு வேண்டிய பாடம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே அதை நான் எப்படிச் சோதிப்பது?

இந்தச் சம்பவத்தில் வெளியே தெரியாத ஒன்று இருக்கிறது. அந்தத் தாத்தாவின் கட்டிலோரத்தில் நான் நின்ற பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் என்னுடன் வந்த மற்ற ஏழு மாணவர்கள் எங்கே இருந்தார்கள்? ஒருத்தி குளியலறையில் ஒரு நோயாளியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருவன் எக்ஸ்ரே அறைக்குச் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு போயிருந்தான். மீதிப் பேர் என்ன செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவருக்கு நன்றாகக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் மற்றவர்களை அந்த நேரத்துக்குக் கைவிட வேண்டியிருக்கிறது. சி.ஐ. வேலையில் எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

விருந்தாளி ஆசிரியர்

பள்ளி ஆசிரியருக்கு வகுப்பறை சொந்தம். இன்று எந்தப் பாடம் என்று அவர் முடிவு செய்யலாம். வார்டில் நான் விருந்தாளி. பாடத்தை முடிவு செய்வது அன்று எந்த நோயாளி எந்தக் கட்டிலில் இருக்கிறார் என்பது. சிறுநீர்க் குழாய் போடுவதை இந்த வாரம் காட்டலாம் என்று திட்டமிட்டிருப்பேன். அந்த வாரம் முழுக்க அது தேவைப்படும் நோயாளி ஒருவர்கூட வந்திருக்க மாட்டார். போஸ்டிங் முடிந்த மறுநாள் மூன்று பேர் வருவார்கள். அதனால் லாக் புக்கில் வெற்றிடம் விழும். கடைசி வாரத்தில் அதை நிரப்ப மாணவர்கள் ஓடும் ஓட்டத்தைப் பார்த்தால், நோயாளியைத் தேடுகிறார்களா, கையெழுத்தைத் தேடுகிறார்களா என்று சந்தேகம் வந்துவிடும்.

இடநெருக்கடி இன்னொன்று. ஒரே வார்டில் சில நாட்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் மாணவர்கள் இருப்பார்கள். அவர்களுடன் மருத்துவ மாணவர்கள், படிப்பை முடித்துப் பயிற்சியில் இருக்கும் 'ஹவுஸ்மேன்' டாக்டர்கள், இயன்முறைப் பயிற்சி மாணவர்கள். நோயாளியின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து நான்காவது தடவையாக யாரோ ஒருவர் வந்து "எப்போது வலி தொடங்கியது?" என்று கேட்கிறார். மாணவர் தன்னைத் தொட வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு முழு உரிமை உண்டு. அதை மாணவருக்குக் கற்பிப்பதும் என் வேலை. ஆனால் எல்லாரும் வேண்டாம் என்றால் நாளைய தாதி யாரிடம் கற்பாள்? இந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கட்டிலிலும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.

வார்டுக்கும் தன் நியாயம் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை. மலேசியத் தாதியர் சிங்கப்பூருக்கும் சவுதி அரேபியாவுக்கும் போய்க்கொண்டிருப்பது ஊரறிந்த செய்தி. இருப்பவர்கள் இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்கிறார்கள். பிரிசெப்டர் பொறுப்பும் அதே தாதியின் தலையில்தான் விழுகிறது. கற்பிப்பதற்கென்று அவருக்கு நேரம் ஒதுக்கப்படுவது அரிது. எட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, பின்னால் நிற்கும் மாணவிக்கு ஏன், எதற்கு என்று விளக்கும் பொறுமை உள்ளவர்களைப் பார்த்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். பொறுமை இல்லாதவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வருவதில்லை. அந்த நெருக்கடியில் மாணவர் தோள் கொடுக்கும் ஆளாகிவிடுகிறார். கட்டில் விரி, மாதிரியைக் கொண்டு போய்க் கொடு, வண்டி தள்ளு. இவையும் தாதியின் வேலைதான், இழிவானவை அல்ல. ஆறு வாரமும் அதுவே என்றாகும்போதுதான் கவலை.

இந்த இழுபறிக்கு வயது அதிகம். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலேயே மாணவியர் வார்டில் வேலை செய்தபடிதான் கற்றார்கள். அந்த முறை உலகெங்கும் பரவி, வெகு காலம் மருத்துவமனைகள் மாணவத் தாதியரின் உழைப்பில் ஓடின. பிறகு கல்வி கல்லூரிக்கு நகர்ந்தது. மாணவர் வேலையாளாக இருந்த நிலை மாறியது நல்லதுதான். கூடவே ஆசிரியரும் வார்டை விட்டு நகர்ந்தார், அதுதான் இழப்பு. நானே வகுப்பில் தொடர்ந்து இரண்டு பருவம் இருந்துவிட்டு வார்டுக்குத் திரும்பினால் மருந்து செலுத்தும் பம்ப் மாறியிருக்கும், கோப்பு முறை மாறியிருக்கும். மாணவருக்குக் கற்பிப்பதற்கு முன் ஒரு நாள் தனியாகப் போய் நான் கற்றுக்கொண்டு வர வேண்டும். அந்த ஒரு நாளைக் கால அட்டவணையில் யாரும் போட்டுத் தருவதில்லை.

"எது சரி, மேடம்?"

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். தாதியர் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாத ஆள் இல்லை. எனக்கு இதில் முழு உடன்பாடு கிடையாது. ஏடு இல்லாமல் வார்டில் மட்டுமே கற்றவர் பழக்கத்தைக் கற்பார், காரணத்தைக் கற்க மாட்டார். ஆறு கட்டிலுக்கும் 20 என்று எழுதுவதும் வார்டில் கற்றதுதானே.

ஆனால் ஏட்டுக்கும் வார்டுக்கும் இடையில் இடைவெளி இருப்பது உண்மை. நீரிழிவுப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நேரத்தில் அது பளிச்சென்று தெரியும். நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து, காலில் குத்தியதே தெரியாமல், பல நாள் கழித்துப் புண்ணோடு வருபவர்கள் உண்டு. நரம்பு மரத்துப்போனால் வலி சொல்லாது. அந்தப் புண்ணைச் சுத்தம் செய்யும் முறையைக் கல்லூரியில் இருபதுக்கும் மேற்பட்ட படிகளாகக் கற்பிக்கிறோம். வண்டியைத் துடைப்பதிலிருந்து கடைசிக் கையுறையைக் கழற்றுவது வரை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். வார்டிலோ அனுபவமுள்ள தாதி அதில் பாதி நேரத்தில், வேறு வரிசையில், வேலையை முடித்துவிடுகிறார். பார்த்துக்கொண்டிருக்கும் மாணவி அவர் முன்னாலேயே என்னிடம் கேட்கிறாள்: "மேடம், எது சரி?"

வாயைத் திறப்பதற்குள் நான் பல விஷயங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். புத்தகமே சரி என்றால் எனக்கு இடம் கொடுத்த வார்டை அவமதித்ததாகும், நாளை முதல் என் மாணவர்களுக்கு அங்கே முகம் கொடுக்க மாட்டார்கள். வார்டுதான் சரி என்றால் கல்லூரியில் கற்பித்தது வெறும் சடங்கு என்று அவள் முடிவு கட்டிவிடுவாள். காலப்போக்கில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எது மாறலாம், எது மாறவே கூடாது என்று மாணவியையே பிரிக்கச் சொல்வேன். பொருள்களை அடுக்கும் வரிசை மாறலாம். கட்டை அவிழ்க்கும் விதம் மாறலாம். கிருமி நீக்கிய கருவியின் நுனி வேறெதிலும் படக் கூடாது என்பது மாறாது. கை கழுவுவது மாறாது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி கை சுத்தத்துக்கு ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், கிருமியில்லா வேலையைத் தொடங்கும் முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். "அந்தத் தாதி வேகமாகச் செய்தாரே, இந்த ஐந்தில் எதையாவது விட்டாரா, சொல்" என்று கேட்பேன். பெரும்பாலும் விட்டிருக்க மாட்டார். மாணவிக்கு அப்போதுதான் அனுபவம் என்றால் என்னவென்று தெரியும். விட்டிருந்தால் அதைப் பேச வேண்டிய இடம் கட்டிலோரம் அல்ல. வேலை முடிந்து தனியாகக் கூடும்போது பேசுவோம். அதற்கு ஓர் அறை கிடைத்தால் நல்லது. கிடைக்காத நாளில் மாடிப்படி ஓரத்தில் நின்றபடி பேசியிருக்கிறோம்.

ஒரு விரற்கடை தூரம்

மூச்சு எண்ணுவதில் தவறினால் இன்னொரு தடவை எண்ணலாம். ஊசியில் அது முடியாது.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு மில்லி லிட்டரில் 100 யூனிட் இருக்கும். பத்து யூனிட் என்பது சிரிஞ்சில் சின்னஞ்சிறு அளவு. 'யூனிட்' என்று முழுதாக எழுதாமல் ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் கிறுக்கினால் அது பூஜ்யம்போல் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும். பத்து மடங்கு மருந்து உள்ளே போனால் சர்க்கரை அளவு சரிந்து உயிருக்கே ஆபத்து. அதனால்தான் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் மாணவர்கள் வாய்ப்பாடாகச் சொல்லப் பழக்குகிறோம். அளவை இரண்டாவது ஆளும் பார்க்க வேண்டும்.

முதல் தடவை ஊசி போடும் மாணவியின் பக்கத்தில் நிற்கும்போது என் கை அவளுடைய முழங்கைக்குக் கீழே, தொடாமல், ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கும். நோயாளி அதைக் கவனிக்கக் கூடாது. கவனித்தால் பயந்துவிடுவார். மாணவிக்கு அது தெரிய வேண்டும். தெரிந்தால்தான் கை நடுங்காது. பத்தாவது தடவையில் நான் கட்டிலின் கால்மாட்டில் நிற்பேன். பிறகு திரைக்கு வெளியே. இந்தத் தூரத்தை எப்போது, எவ்வளவு கூட்டுவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. சீக்கிரம் விலகினால் நோயாளிக்கு ஆபத்து. விலகாமலே நின்றால் மூன்றாம் ஆண்டு முடிந்தும் தனியாக ஒரு மருந்தும் கொடுக்கத் துணியாத தாதியை ஊருக்கு அனுப்பிவைப்பேன், அவள் முதல் வேலை நாளில் யாருக்கோ அது ஆபத்து. மாணவி செய்யும் பிழைக்கு அந்த நேரத்தில் பொறுப்பேற்க வேண்டியவள் நான். என் பதிவு, என் பெயர். சில சி.ஐ.க்கள் மாணவியின் முழங்கைக்குக் கீழிருந்து கையை எடுக்கவே மாட்டார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது.

பட்ரீஷியா பென்னர் என்ற அமெரிக்கத் தாதியர் கல்வியாளர் 1984-இல் தாதி வளரும் வழியை ஐந்து கட்டங்களாக விளக்கினார். தொடக்க நிலையில் இருப்பவர் விதிகளைப் பற்றிக்கொண்டு நடக்கிறார். தேர்ந்த நிலைக்கு வந்தவர் நோயாளியை ஒரு முழுமையாகப் பார்க்கிறார், ஏதோ சரியில்லை என்று அளவுகள் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆசிரியரின் சங்கடம் இதில்தான் இருக்கிறது. எனக்குச் சட்டென்று தெரிவதை அவளுக்குப் படிப்படியாக உடைத்துச் சொல்ல வேண்டும். "எப்படி மேடம் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டால் பல நேரம் எனக்கே உடனே பதில் வராது. யோசித்துப் பார்த்து, அவர் போர்வையைக் கசக்கிய விதம், கேட்ட கேள்விக்குப் பாதியில் நிறுத்திப் பதில் சொன்ன விதம் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுப்பேன். நல்ல தாதி எல்லாரும் நல்ல ஆசிரியர் ஆகிவிட மாட்டார்கள் என்பதற்குக் காரணம் இதுதான்.

குத்துகிறதா, குடைகிறதா?

பினாங்கு வார்டுக்கென்று தனியான ஒரு பாடம் இருக்கிறது. ஒரே வரிசையில் மலாய்க்காரப் பெரியவர், ஹொக்கியன் மட்டுமே பேசும் சீனப் பாட்டி, தோட்டத்திலிருந்து வந்த தமிழ்த் தாத்தா. மாணவி ஆங்கிலத்தில் படிக்கிறாள், மலாயில் ரிப்போர்ட் சொல்கிறாள், நோயாளியிடம் எந்த மொழியில் வலியைக் கேட்பது?

வலிக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, இழுக்கிறது, தெறிக்கிறது, விண்விண் என்கிறது. ஒவ்வொன்றும் வேறு நோயைக் காட்டக்கூடும். மலாயிலும் 'ஙிலு' என்றும் 'பெடிஹ்' என்றும் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆனால் ரிப்போர்ட்டில் எல்லாம் 'சாக்கிட்' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடும். ஹொக்கியன் பாட்டி வலிக்கிறது என்பதற்கு 'தியா' என்று சொன்னால் அதற்கு மேல் என் மாணவர்களில் பலருக்குப் பேச்சு ஓடாது. அதனால் வலியை எண்களில் கேட்கப் பழக்குகிறோம், பூஜ்யத்திலிருந்து பத்து வரை. எண் உதவும், வலியின் குணத்தைச் சொல்லாது.

தமிழ் தெரிந்த மாணவிகளுக்கு இதில் ஒரு வலிமையும் ஒரு கண்ணியும் இருக்கின்றன. தமிழ் நோயாளி யார் வந்தாலும் "அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள்" என்று அவளை மொழிபெயர்க்க இழுத்துக்கொள்வார்கள். அரை நாள் அதிலேயே போய்விடும், அவளுடைய பாடம் அப்படியே நிற்கும். அப்படி இழுக்கப்பட்ட ஒருத்திதான் ஒரு தடவை என்னிடம் வந்து சொன்னாள்: "மேடம், அந்த அம்மா வாயு என்கிறார். ஆனால் கை வைத்துக் காட்டுவது நெஞ்சில்." நெஞ்சில் வரும் எதையும் வாயு என்று சொல்லி ஓமம் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம். மலாய்க்காரர்களும் 'ஆஙின்' என்று அதையேதான் சொல்வார்கள். அது மாரடைப்பாகவும் இருக்கலாம். அவள் சொல்லை மட்டும் மொழிபெயர்க்கவில்லை, கையையும் பார்த்தாள். உடனே இ.சி.ஜி. எடுத்தார்கள். அன்று அவளுக்கு நான் கொடுத்த மதிப்பெண் எந்த லாக் புக்கிலும் இடமில்லாத ஒன்று.

தோல்வி போடும் கை

மதிப்பெண் பற்றிப் பேசியே ஆக வேண்டும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய 'ஓ.எஸ்.சி.இ.' முறையை இன்று உலகெங்கும் பயன்படுத்துகிறோம். மாணவர் வரிசையாக நிலையம் நிலையமாகப் போய் ஒவ்வொரு வேலையையும் தேர்வாளர் முன் செய்துகாட்டுவார். நேர்மையான முறை, எல்லாருக்கும் ஒரே கேள்வி. ஆனால் மில்லர் சொன்ன மூன்றாம் படியோடு அது நின்றுவிடும். தேர்வாளர் முன்னால் அழகாகக் கை கழுவுபவர் இரவு ஷிப்டில் கழுவுவாரா என்று அது சொல்லாது. வார்டில் பல வாரம் கூட இருந்த சி.ஐ.யும் பிரிசெப்டரும்தான் சொல்ல முடியும்.

சொல்லத் தயங்குகிறோம். கேத்லீன் டஃபி 2003-இல் ஸ்காட்லாந்தில் செய்த ஆய்வு, தகுதியில்லை என்று தெரிந்தும் வழிகாட்டித் தாதியர் மாணவரைத் தேர்ச்சி பெறவைப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. படித்தபோது என்னைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தது. மூன்றாம் ஆண்டின் கடைசிப் போஸ்டிங்கில் ஒருத்தி மருந்தில் மீண்டும் மீண்டும் கவனமின்றி இருந்தாள். அவளுடைய அப்பா லாரி ஓட்டுநர். படிப்புக்குக் கல்விக் கடன் வாங்கியிருந்தார்கள். தேர்ச்சி இல்லை என்று எழுதப் போகும் முன் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலாண்டில் அவளுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் யாரேனும் அப்போதே நிறுத்திச் சொல்லியிருந்தால் அவளுக்குத் திருத்திக்கொள்ள இரண்டு ஆண்டு கிடைத்திருக்கும். எல்லாரும் "பாவம், போகட்டும்" என்று அடுத்தவருக்குத் தள்ளியதில் கடைசியில் சுமை என் மேசைக்கு வந்தது. நான் எழுதினேன். அந்தப் போஸ்டிங்கை அவள் மறுபடி செய்தாள். இரக்கம் என்று நாம் நினைப்பது பல நேரம் மாணவிக்கே செய்யும் துரோகம் என்று இப்போது நம்புகிறேன்.

பொம்மையும் மரணமும்

கோவிட் தொற்றால் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது மாணவர்கள் வார்டிலிருந்து திரும்பி அழைக்கப்பட்டார்கள். அப்போது பயிற்சிப் பொம்மைகள்தாம் கைகொடுத்தன. அமெரிக்காவில் தாதியர் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், நன்றாக நடத்தப்பட்டால் பயிற்சி நேரத்தில் பாதி வரை பொம்மை முதலான பாவனைப் பயிற்சியாக மாற்றியும் மாணவர் திறன் குறையவில்லை என்று கண்டார்கள். நான் அதை நம்புகிறேன். அந்த 'நன்றாக நடத்தப்பட்டால்' என்ற சொல்லுக்குள் பயிற்சி பெற்ற ஆசிரியர், கருவி, செய்ததைப் பற்றி உட்கார்ந்து பேசும் நேரம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. பொம்மையில் தவறு செய்யலாம், பத்துத் தடவை செய்யலாம். ஆனால் அது வேண்டாம் என்று கையைத் தட்டிவிடாது.

அது இறந்தும் போகாது. முதல் முறை நோயாளி ஒருவர் இறக்கும்போது மாணவர் எப்படி இருப்பார் என்பதை எந்தப் பாடத்திட்டமும் நேரம் குறித்து வைக்க முடியாது. முந்தின நாள் "உன் பெயர் என்ன பிள்ளை?" என்று கேட்டவரின் உடலைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். நான் தலைமாட்டில் நின்று முகத்தைத் துடைப்பேன், மாணவியைக் காலைத் துடைக்கச் சொல்வேன். பேச மாட்டோம், அல்லது அவரிடமே "ஐயா, இந்தப் பக்கம் திருப்புகிறோம்" என்று சொல்லிக்கொண்டு செய்வோம். மார்லீன் கிரேமர் 1974-இல் புதிய தாதியருக்கு வேலையில் ஏற்படும் அதிர்ச்சியைப் பற்றி எழுதினார். அந்த அதிர்ச்சியின் முதல் தவணை பயிற்சிக் காலத்திலேயே வந்துவிடுகிறது. அன்று மாலை அந்த மாணவியை வீட்டுக்கு அனுப்பும் முன் உணவகத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பி குடிப்போம். இதற்கு மணிக்கணக்கு கிடையாது, லாக் புக்கில் பத்தியும் கிடையாது.

ஆக, மருத்துவமனையில் யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று கேட்ட பெற்றோருக்கு: நோயாளியும், பிரிசெப்டரும், நாங்களும் சேர்ந்து, கிடைத்த நேரத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். எந்த அளவுக்கு என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதனால் சேர்க்கும் முன் கட்டணத்தைக் கேட்பதோடு இதையும் கேளுங்கள். ஒரு சி.ஐ.யுடன் எத்தனை மாணவர் வார்டுக்குப் போகிறார்கள்? அவர் ஷிப்ட் முழுக்க அங்கே இருப்பாரா, காலையில் தலைகாட்டிவிட்டுப் போய்விடுவாரா? எந்தெந்த மருத்துவமனைகளில் போஸ்டிங்? ஒரு போஸ்டிங்கில் தேறாத மாணவருக்கு மறுபடி செய்ய வாய்ப்பு எப்படித் தரப்படுகிறது? பதில் சொல்பவர் சட்டென்று எண்களைச் சொன்னால் நல்லது. "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் அம்மா" என்று சொன்னால் அடுத்த கல்லூரிக்கும் ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.